யார் கேட்ட புறக்கணிப்பு?

2018 செப்டம்பரில் தென் கொரியா இறக்குமதி செய்த ஜப்பானிய பீரின் மதிப்பு ஏறத்தாழ 67 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அதே மாதம் வந்தது 6,000 டாலருக்கு மட்டும். ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இடைப்பட்ட காலத்தில், போர்க்காலத்தில் கட்டாய வேலை வாங்கப்பட்டவர்களுக்கு ஜப்பானிய நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டும் என்று கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2019 ஜூலையில் ஜப்பான், சில்லுத் தொழிலுக்கு உயிரான மூன்று வேதிப்பொருட்களைக் கொரியாவுக்கு அனுப்புவதில் கெடுபிடி கொண்டுவந்தது. தீர்ப்புக்கான பழிவாங்கல் இது என்று கொரிய மக்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர்கள் ஜப்பானிய பீரை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். சியோலின் மியோங்டோங் கடைவீதியில் இருந்த யூனிக்ளோவின் பெரிய கடை 2021 தொடக்கத்தில் மூடப்பட்டது. நிசான் 2020 இறுதியோடு கொரியச் சந்தையை விட்டே போனது. பூசானிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க சுஷிமா தீவுக்கு 2018இல் நான்கு லட்சம் கொரியர்கள் வந்திருந்தார்கள். அவர்களை நம்பி விடுதியும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்த தீவுவாசிகளுக்குப் பிழைப்பே போயிற்று.

2023இல் கொரியாவின் இறக்குமதி பீர் வரிசையில் ஜப்பான் மறுபடியும் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் வேதிப்பொருள் கெடுபிடியும் விலக்கப்பட்டது. ஆனால் அது விலக்கப்பட்டது, இழப்பீட்டை ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பதிலாகக் கொரிய அறக்கட்டளை ஒன்றே கொடுக்கும் என்று கொரிய அரசு இறங்கிவந்த பிறகுதான். இவ்வளவு கட்டுக்கோப்பான ஒரு புறக்கணிப்பு அண்மைக் காலத்தில் வேறு எங்கும் நடந்ததாகச் சொல்ல முடியாது. அது எதை வென்றது?

பிற நாட்டுப் பொருளை வாங்க மாட்டோம் என்று மக்கள் தீர்மானிப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விற்பனை எவ்வளவு சரிந்தது என்பதைத்தான் அளக்கிறோம். அந்த அளவுகோலே நம்பத்தக்கதாக இல்லை. 2003இல் ஈராக் போரை பிரான்ஸ் எதிர்த்ததற்காக அமெரிக்கர்கள் பிரெஞ்சு ஒயினைத் தள்ளிவைத்தார்கள். லாரி சாவிஸ், பிலிப் லெஸ்லி என்ற இரு பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்து, ஆறு மாதத்தில் விற்பனை 13 விழுக்காடு குறைந்தது என்றார்கள். ஆர்லி ஆஷன்ஃபெல்டரும் அவருடைய கூட்டாளிகளும் அதே நிகழ்வை ஆராய்ந்து, பிரெஞ்சு ஒயின் அதற்கு முன்பிருந்தே இறங்குமுகத்தில் இருந்தது, புறக்கணிப்பால் எந்த மாற்றமும் இல்லை என்றார்கள். தேர்ந்த கைகளிலேயே இரண்டு விடை. ஆகவே விற்பனைக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, வேறு ஒன்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்: யாருக்காகப் புறக்கணிக்கிறோமோ, அவர்கள் அதைக் கேட்டார்களா? எது நடந்தால் நிறுத்துவோம் என்று முதலிலேயே சொன்னோமா?

சர்க்கரையிலிருந்து தொடங்க வேண்டும். 1791 ஏப்ரலில் அடிமை வணிகத்தை ஒழிக்கும் வில்பர்ஃபோர்சின் தீர்மானத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 163க்கு 88 என்று தோற்கடித்தது. அதே ஆண்டு வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார். நாடாளுமன்றம் செய்யாததை அடுப்படி செய்யட்டும் என்பது அதன் சாரம். அவர் கணக்கே போட்டுக் காட்டினார்: வாரம் 5 பவுண்டு சர்க்கரை வாங்கும் ஒரு குடும்பம் 21 மாதம் அதை நிறுத்தினால், ஓர் ஆப்பிரிக்கர் அடிமைப்படுவதையோ சாவதையோ தடுக்கலாம். கணக்கு சரியா என்பது வேறு. தேநீரில் போடும் ஒரு கரண்டிக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டத்தில் விழும் சவுக்கடிக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவர் எண்ணால் இல்லாமலாக்கினார். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வீட்டுக்கு என்ன வாங்குவது என்று தீர்மானித்தவர்கள் பெண்கள். வாக்குரிமை இல்லாத அவர்களுக்குக் கிடைத்த முதல் வாக்குச்சீட்டு இது என்றே சொல்லலாம்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பீதியில் அந்த அலை ஓய்ந்தது. 1820களில் லெஸ்டர் நகரின் எலிசபெத் ஹெய்ரிக் வீடு வீடாக ஏறி இறங்கி அதை மீண்டும் எழுப்பினார். சிறுகச் சிறுக விடுதலை என்ற பேச்சே வேண்டாம், உடனே விடுதலை வேண்டும் என்று 1824இல் எழுதியவர் அவர். அந்தக் காலத்தில் விற்ற சர்க்கரைக் கிண்ணங்களில், இது அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்ற வாசகம் பொறித்திருந்தது. அந்தக் கிழக்கிந்தியச் சர்க்கரை வங்காளத்திலிருந்து கம்பெனி கப்பலில் போனது. அங்கே உழவர் பட்ட பாடு கிண்ணத்தில் எழுதப்படவில்லை. மாற்றுப் பொருளின் பின்னாலும் ஒரு தோட்டம், ஒரு கூலி இருக்கிறது என்பதைப் புறக்கணிப்பவர்கள் அடிக்கடி மறந்துபோகிறார்கள். அதற்காக ஹெய்ரிக்கின் பணியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1807இல் அடிமை வணிகமும், 1833இல் அடிமை முறையும் சட்டத்தால் ஒழிந்தன. சட்டத்தைச் சர்க்கரைப் புறக்கணிப்பு மட்டும் கொண்டுவரவில்லை. ஆனால் சட்டம் வரும்வரை அந்தப் பேச்சைச் சாப்பாட்டு மேசையில் அணையாமல் வைத்திருந்தது அதுதான்.

நம் நாட்டுக் கதை துணியில் இருக்கிறது. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் அன்னியப் பொருள் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. கேட்டது தெளிவாக இருந்தது: வங்கப் பிரிவினையைக் கைவிடு. 1911இல் பிரிவினை ரத்தானது. ஆனால் வங்கக் கிராமங்களில் மான்செஸ்டர் துணி மலிவு, சுதேசித் துணி விலை அதிகம். ஜமீன்தார்களும் தொண்டர்களும் சந்தைகளில் மறியல் செய்தபோது, தலையில் துணிமூட்டை சுமந்து விற்ற ஏழை முஸ்லிம் வியாபாரிகளும் வாங்கிய ஏழை உழவர்களும்தான் அடிபட்டார்கள். தாகூர் இதை நேரில் கண்டு மனம் வெதும்பி இயக்கத்திலிருந்து விலகினார். அவருடைய ‘கரே பாயிரே’ நாவல் அந்தக் காயத்திலிருந்து பிறந்தது.

தூத்துக்குடியில் அது வேறு உருவம் எடுத்தது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அன்னியக் கப்பலில் ஏறாதே என்று சொல்வதற்கு முன், ஏறுவதற்கு ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது ஊர் எதிர்வினை காட்டிய விதத்தைக் கவனிக்க வேண்டும். நாவிதர்களும் வண்ணார்களும் அரசுக்கு ஆதரவானவர்களுக்கு வேலை செய்ய மறுத்தார்கள். சுதேசிகளுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துபோன நாவிதரின் செய்தி பதிவாகியிருக்கிறது. காசு இருப்பவர் ஒரு பொருளை வாங்காமல் இருப்பது ஒரு பங்கு தியாகம் என்றால், அன்றாடக் கூலியை நம்பியிருப்பவர் வேலையை மறுப்பது பத்துப் பங்கு.

1921 ஜூலை 31 அன்று பம்பாய் பரேலில் அன்னியத் துணிகள் மலையாகக் குவிக்கப்பட்டு எரிந்தன. அதற்கு இரண்டு மாதம் முடிவதற்குள், சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயில் பயணத்தில், கூட்டத்தில் பலர் அன்னியத் துணி உடுத்தியிருப்பதைக் காந்தி கண்டார். கதர் உடுத்தக் கூடாதா என்று கேட்டார். கதர் விலை கட்டுப்படியாகாது, நாங்கள் ஏழைகள் என்று அவர்கள் சொன்னார்கள். செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். இந்த நிகழ்வை எளிமையின் அடையாளமாக மட்டும் பாடப்புத்தகங்கள் சொல்வது எனக்கு வருத்தம். அது பகிஷ்காரத்தின் மிகக் கடினமான கேள்விக்கு அவர் தந்த விடை: மாற்றுத் துணி வாங்க முடியாதவனிடம் தியாகம் கேட்கிறவன், அந்தத் தியாகத்தில் முதல் பங்கைத் தன் உடம்பில் ஏற்க வேண்டும்.

1913 வாக்கில் பிரிட்டனிலிருந்து இந்தியா வந்த துணி ஏறத்தாழ 300 கோடி கஜம். 1930களின் தொடக்கத்தில் அது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பகிஷ்காரமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்திய ஆலைகள் பெருகியிருந்தன, ஜப்பானியத் துணி மலிவாகப் புகுந்தது, இறக்குமதி வரி உயர்ந்தது, உலகப் பெருமந்தமும் சேர்ந்தது. ஆனாலும் 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயர் போனார். டார்வென் வட்டாரத்தில் வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். உங்கள் துன்பம் எனக்குத் தெரிகிறது, எங்கள் நாட்டில் பட்டினி கிடப்போரின் எண்ணிக்கையையும் நீங்கள் அறிய வேண்டும் என்ற பொருளில் பேசினார். அவர்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரம் செய்து நின்ற புகைப்படம் இருக்கிறது. தன் புறக்கணிப்பால் பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலுக்கே போய் விளக்கம் சொன்ன தலைவர் வேறு எவரும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி டப்ளினில் நடந்தது. அதற்கு முன் கொஞ்சம் பின்னணி. 1959இல் தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலி, டர்பனின் டாக்டர் மான்டி நாயக்கர், பீட்டர் பிரவுன் மூவரும் பிரிட்டிஷ் மக்களுக்குக் கூட்டாக வேண்டுகோள் விடுத்தார்கள்: எங்கள் நாட்டுப் பொருளை வாங்காதீர்கள். அதனால் எங்கள் மக்களுக்கே கஷ்டம் வரும், அது எங்களுக்குத் தெரியும், விடுதலை நாள் நெருங்கிவரும் என்றால் அந்த விலையைக் கொடுக்கச் சித்தமாக இருக்கிறோம் என்பது அதன் கருத்து. உங்கள் புறக்கணிப்பால் கறுப்பினத் தொழிலாளிக்குத்தானே வேலை போகும் என்று பின்னாளில் கேட்ட ஒவ்வொருவருக்கும் அந்த வேண்டுகோள் விடையாக நின்றது. உலகில் முதன்முதலில் 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்த நாடு இந்தியா. அங்குள்ள இந்திய வம்சாவளியினர் மீது வந்த நிலச் சட்டமே அதற்குக் காரணம்.

1984 ஜூலை 19. டப்ளின் ஹென்றி தெருவில் டன்ஸ் ஸ்டோர்ஸ் பல்பொருள் அங்காடி. கல்லாவில் 21 வயது மேரி மேனிங். ஒரு வாடிக்கையாளர் ‘அவுட்ஸ்பான்’ முத்திரை போட்ட இரண்டு கிரேப்ஃப்ரூட் பழங்களைக் கொண்டுவந்து வைத்தார். அவுட்ஸ்பான் தென்னாப்பிரிக்கப் பழம். தென்னாப்பிரிக்கப் பொருளுக்கு பில் போடக் கூடாது என்று தொழிற்சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. மேனிங் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பழத்துக்கு பில் போட மறுத்தார். மேலாளர் அவரைப் பணியிடைநீக்கம் செய்தார். பத்துப் பேர் அளவில் அவரோடு வெளியே வந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். 1987 வரை, இரண்டரை ஆண்டுக்கு மேல் நீண்டது.

நிறவெறி ஆட்சி என்றால் என்ன என்று தொடக்கத்தில் தங்களுக்கே சரியாகத் தெரியாது என்று அவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். மறியல் வரிசையில் வந்து நின்று அதைச் சொல்லிக் கொடுத்தவர் நிம்ராட் செஜாக்கே. தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கக்காரர், அப்போது அயர்லாந்தில் அகதி. வாரம் 21 பவுண்டு சங்க உதவித்தொகையில், தெருவில் போவோர் வருவோரின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்கள் மழையில் நின்றார்கள். 1985இல் நேரில் பார்த்துவரப் போனவர்களை ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலேயே மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு ஊரின் மனம் மாறியது. 1987இல் தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதிக்கு அயர்லாந்து அரசு தடை போட்டது. சிறையிலிருந்து விடுதலையான மண்டேலா 1990இல் டப்ளின் வந்தபோது அவர்களைச் சந்தித்தார். பாதிக்கப்பட்டவர் கேட்டது, கோரிக்கை தெளிவானது, கையில் எடுத்த பொருள் கண்ணுக்குத் தெரியும் முத்திரையோடு இருந்தது, மாற்றுப் பழம் பக்கத்திலேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குபவரின் ஒதுக்கத்தோடு விற்கும் கையின் மறுப்பும் சேர்ந்தது.

இவை இல்லாமல் கோபம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012 சீனா சாட்சி. தீவுத் தகராறில் ஜப்பானிய கார்களுக்கு எதிராகக் கிளம்பிய கூட்டம், சியான் நகரில் டொயோட்டா கொரோலா ஓட்டிவந்த ஒருவரின் மண்டையை உடைத்தது. அவர் சீனர். கொரோலாவும் சீனத் தொழிற்சாலையில் சீனத் தொழிலாளர்கள் பூட்டிய வண்டி. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டித் தமிழக வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்றபோதும் இந்தச் சிக்கல் இருந்தது. பாட்டிலில் இருந்தது கங்கைகொண்டானில் நிரப்பிய தாமிரபரணித் தண்ணீர். ஆனால் அங்கே கேள்வியே அந்தத் தண்ணீர்தான் என்பதால் அந்தப் புறக்கணிப்புக்கு ஒரு நியாயமான பிடி கிடைத்தது. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ பெட்டிக்கடைகளில் மறுபடி முன்வரிசைக்கு வந்தது.

2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இருபது இந்திய வீரர்கள் உயிரிழந்த பிறகு நாடு கொதித்தது நியாயம். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து வீரர் ஒருவரும் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிகளை மாடியிலிருந்து போட்டு உடைத்தார்கள். அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. 2019-20இல் சீனாவிலிருந்து 6,500 கோடி டாலர் அளவுக்கு இருந்த இறக்குமதி, 2024-25இல் 11,300 கோடி டாலரைத் தாண்டியது. உடைத்த பெட்டி கண்ணுக்குத் தெரிந்தது. மாத்திரைக்குள் இருந்த மூலமருந்து, மின்விசிறிக்குள் இருந்த மோட்டார் பாகம், சோலார் தகடு, பின்னலாடையின் ஜிப் எதுவும் தெரியவில்லை. இந்தியா இறக்குமதி செய்யும் மூலமருந்தில் மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அதைப் புறக்கணியுங்கள் என்று சர்க்கரை நோயாளியிடம் சொல்ல முடியுமா?

அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது: பார்கோடு 690இல் தொடங்கினால் சீனப் பொருள், 890 என்றால் இந்தியப் பொருள். பலர் மளிகைக் கடையில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்த எண், நிறுவனம் எந்த நாட்டில் பதிவுசெய்து குறியீடு வாங்கியது என்பதை மட்டும் சொல்லும். எங்கே செய்தது என்பதைச் சொல்லாது. சீனாவில் செய்து இந்தியப் பெயரில் விற்கும் பொம்மைக்கும் 890 வரலாம். பொட்டலத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ‘தயாரிப்பு நாடு’ என்ற வரியைத்தான் படிக்க வேண்டும். அதுவும் கடைசியாகப் பூட்டிய இடத்தை மட்டுமே சொல்லும்.

கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே தீப்பெட்டித் தொழிலை நம்பி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்றிருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். பத்து ரூபாய் சீன லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று தமிழக முதலமைச்சர் 2022இல் ஒன்றிய அரசுக்கு எழுதினார். உற்பத்தியாளர்கள் நாட்டு மக்களிடம் உணர்ச்சி முழக்கம் வைக்கவில்லை. குறிப்பாக ஒன்றைக் கேட்டார்கள், அரசிடம் கேட்டார்கள். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே லைட்டர் பாகங்களாகப் பிரிந்து வந்து இங்கே பூட்டப்பட்டது. மறுபடி கேட்டார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது.

இத்தனையும் வைத்துக்கொண்டு ஈழத்தைப் பார்க்கும்போதுதான் எனக்கு விடை எளிதாக இல்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு புலம்பெயர்ந்த தமிழர்கள் இலங்கைப் பொருட்களைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார்கள். இலங்கையில் ஆடை தைத்து வாங்கும் அமெரிக்க நிறுவனங்களின் கடை வாசலில் பதாகை பிடித்தார்கள். அந்தக் கோபத்தின் நியாயத்தை நான் எள்ளளவும் சந்தேகிக்கவில்லை. ஆனால் டொரண்டோவிலும் லண்டனிலும் தமிழ்க்கடை அலமாரியில் மலிபன் பிஸ்கட்டும் எம்டி ஜாமும் யானை மார்க் ஜிஞ்சர் பீரும் இருக்கும் அதே வரிசையில், யாழ்ப்பாணத்து ஒடியல் மாவும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ‘இலங்கைத் தயாரிப்பு’ என்ற ஒரே வரி. 2010 ஆகஸ்டில் மனித உரிமை மீறலைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது, 2017 மேயில் திருப்பித் தந்தது. இடையில் ஆட்சியாளர்கள் அடைந்த நட்டத்தை விட, தையல் ஆலைப் பெண்கள் பட்ட அச்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். போருக்குப் பின் வன்னியிலும் அப்படிப்பட்ட ஆலைகள் வந்தன. அவற்றில் வேலைக்குப் போனவர்களில் போர் விதவைகளும் உண்டு.

லுத்துலி விடுத்த வேண்டுகோள் போல, வடக்கு கிழக்கில் வாழும் மக்கள் ஒரே குரலில் எங்கள் பொருளை வாங்காதீர்கள் என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்கும் சுதந்திரமும் அவர்களுக்கு நெடுங்காலம் இருக்கவில்லை. ஆகவே அவர்களுடைய மௌனத்தைச் சம்மதமாகவோ மறுப்பாகவோ எடுத்துக்கொள்ளும் உரிமை வெளியில் இருப்பவர்களுக்கு இல்லை. செய்யக்கூடியது ஒன்று உண்டு. வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. பனங்கட்டிப் பொதியில் எந்தச் சங்கம், எந்த ஊர் என்று கேட்டு எழுதவைக்கப் புலம்பெயர்ந்த கடைக்காரர்களால் முடியும். கொள்முதல் பட்டியல் போடுவது அவர்கள்தான். எதை ஒதுக்குவது, எதைத் தேடி வாங்குவது என்று வாடிக்கையாளர் தீர்மானிப்பதற்கு முதலில் அந்த ஊர்ப்பெயர் பொட்டலத்தில் வர வேண்டும்.